புடி, உடு

காலைச் சித்த அக்கட்டால வெச்சுக்கங்க தம்பி. அந்தச் சாக்குல இரும்பு இருக்குது. வெடிகுண்டெல்லாம் இல்லீங்க, பயப்படாதீங்க. டிராக்டர் சாமான்தான். ஹைட்ராலிக் டாப் லிங்க். ஆயில் ஒழுகுச்சுன்னா உங்க பேண்ட்டு வீணாப் போயிரும்னு சொன்னேன். ஒழுகாதுங்கறான் லேத்துக்காரன். ஒழுகுதுங்கறேன் நான். யார் சொல்றது நெசமோ, நீங்க எதுக்கும் காலை எடுத்துக்கங்க.

இல்லீங்க, ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க. எனக்கு இந்தப் பக்கமே போதும்.

இந்தக் கருமந்தானுங்க தானா எறங்கி எம் பொண்டாட்டி கைய நசுக்கிப்போட்டுது. ஆமாங்க, இதேதான். வலது கை. மூணு வெரலை எடுத்துட்டாங்க, மிச்சம் இருக்கறதும் மடங்கறதில்ல. ஆஸ்பத்திரியில இருந்து நேரா அவ தம்பி ஊட்டுக்குப் போனவ இன்னும் வரலீங்க. இப்ப அவளைக் கூட்டியாரத்தான் போறேன். ரெண்டு தடவ போயிப் பாத்துட்டேன். ரெண்டு தடவையும் மொகத்தைக்கூடக் காட்டல. இன்னைக்குக் கூட்டியாராம வர்றதில்லைன்னு முடிவு பண்ணித்தான் பஸ் ஏறியிருக்கறேன்.

டாப் லிங்க்னா தெரியுமுங்களா? எங்க தெரியப்போகுது, உங்களையாட்டச் சட்டை கசங்காத ஆளுகளுக்கு. சொல்றேன் கேளுங்க. டிராக்டருக்குப் பின்னால கலப்பைய மாட்டறதுக்கு மூணு கை இருக்குது. கீழ ரெண்டு, மேல ஒண்ணு. கீழ இருக்கற ரெண்டும் தூக்கும், எறக்கும், அவ்வளவுதான், அதுகளுக்குப் புத்தி கெடையாது. மேல இருக்கறதுதான் டாப் லிங்க். அதைச் சுருக்குனா கலப்பையோட மூக்கு மண்ணுல குத்தும், வாலு மேல போகும். நீட்டுனா மூக்கு எந்திரிச்சுக்கும், வாலு கீழ உக்காந்துக்கும். அதுக்கு எங்ககிட்ட ரெண்டே வார்த்தைங்க. சுருக்கறதுக்கு 'புடி'. நீட்டறதுக்கு 'உடு'. கெணத்துல கயிறு எறக்கறப்ப மேல இருக்கறவனுக்கு உடு, உடுன்னு சொல்லுவமல்லங்க, அதே உடுதான்.

மொதல்ல எங்கிட்ட இருந்தது கையில திருகற டாப் லிங்க். ரெண்டு பக்கமும் மரை போட்ட கொழாயி. ஒரு பக்கம் திருகுனா சுருங்கும், மறுபக்கம் திருகுனா நீளும். நம்முளுது சின்ன டிராக்டருங்க, வாழைக்கு நடுவால பூந்து போயிரும். நான் சீட்டுல உக்காந்துக்குவேன். எங்கூட்டுக்காரி பின்னாலயே நடந்து வருவா. 'புடி'ம்பேன், ஓடியாந்து திருகுவா. 'உடு'ம்பேன், மாத்தித் திருகுவா. நான் திரும்பிக்கூடப் பாக்க வேண்டியதில்ல. துளசிமணின்னு பேரு. அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டா. அவகிட்ட எனக்குப் புடிச்சதே அதுதானுங்க. பொண்ணு பாக்கப் போனப்பவே எங்க சின்னம்மா சொன்னாங்க, 'செல்லமுத்து, இவ வாயில ஈ பூந்தாக்கூடத் துப்பமாட்டா, கண்ண மூடிக்கிட்டுக் கட்டிக்கோ'ன்னு.

அப்படி இருந்தவதானுங்க.

ஒரு நாள் பாவாயக்கா காட்டுல மஞ்சளுக்கு மண்ணை மேடு மேடா அணைச்சுப் பார் போட்டுக்கிட்டு இருக்கறோம். பாவாயக்கா எங்களுக்குப் பக்கத்துக் காடு. புருசன் இல்ல, தனியாளா நின்னு வெள்ளாமை பண்ற பொம்பள, வாய் காது வரைக்கும் இருக்கும். நான் 'புடி'ன்னேன். பின்னால சத்தத்தையே காணோம். மறுபடியும் 'புடி'ன்னேன். துளசி நின்னுக்கிட்டுச் சொல்றா, "வேண்டாமுங்க. இப்பவே எச்சாக் குத்துது. அடியில இருக்கற சுண்ணாம்புக் கல்லு மேல வருது பாருங்க"ன்னு.

திரும்பிப் பாத்தேன். வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. பார் பூராம் வெள்ள வெள்ளயாக் கெடக்குது.

வரப்புல உக்காந்துக்கிட்டு இருந்த பாவாயக்கா சிரிச்சா பாருங்க ஒரு சிரிப்பு. "செல்லமுத்து, இனிமேல்பட்டு நீ எறங்கித் திருகு, துளசி ஓட்டட்டும்!" நானும் சிரிச்சனுங்க. தமாசுக்குச் சொன்னாத் தமாசா எடுத்துக்கோணும். எனக்கு அந்த மாதிரி ரோசமெல்லாம் கெடையாது. சிரிச்சுப்போட்டு, மறுநாள் வெடியால மொத பஸ்ஸைப் புடிச்சு யூசுப் பாய் லேத்துக்குப் போயிட்டேன். பாய், இந்தத் திருகற வேலையே வேண்டாம், நான் சீட்டுல உக்காந்தபடியே நீட்டவும் சுருக்கவும் ஆகோணும், ஒருத்தரு தயவும் எனக்கு வேண்டியதில்லைன்னேன்.

பாய் நல்ல வேலைக்காரன், பொய் சொல்லக் கூடாது. டிப்பர் ட்ரெய்லரைத் தூக்கறதுக்கு டிராக்டர்ல பின்னால ஆயில் எடுக்கற வாய் இருக்குமல்லங்க, அதுல இருந்து வால்வு வெச்சு, ரெண்டு ரப்பர் ஓசு இழுத்து, கொழாயி இருந்த எடத்துல இந்தச் சிலிண்டரை மாட்டிக் குடுத்துட்டான். சீட்டுக்கு வலது கைப் பக்கம் லீவரு. முன்னால தள்ளுனா நீளும், பின்னால இழுத்தாச் சுருங்கும். "கைய எடுத்தா எங்க இருக்குதோ அங்கயே நின்னுரும், தள்ளிக்கிட்டு இருக்கற வரைக்குந்தான் போகும்"னு ரெண்டு தடவ சொன்னான். எனக்கா சொல்லோணும்? ஒரு வாரத்துல அந்த லீவரு எனக்கு வெரலு மாதிரி ஆகிப்போச்சு. நம்பமாட்டீங்க, கோழி முட்டைய மண்ணுல வெச்சு, கலப்பை வால அதும் மேல உக்கார வெப்பேன், முட்டை ஒடையாது. ஊர்ல எவன வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. பந்தயம் கட்டிச் செஞ்சு காட்டியிருக்கறேன்.

துளசி அந்தச் சிலிண்டரைத் தொட்டுப் பாத்தா. "அப்ப இனி நான் வர வேண்டியதில்லீங்களா?"ன்னா. வேண்டியதில்ல, ஊட்டுல இருன்னேன். அவ நல்லதுக்குத்தானுங்க. நாள் பூராம் வெயில்ல டிராக்டருக்குப் பின்னால ஓடி வர்றது லேசான காரியமா? பொண்டாட்டிய உக்கார வெச்சுச் சோறு போட எத்தன பேருக்கு மனசு வருது சொல்லுங்க.

நேரம் பாருங்க, எனக்குக் கொடலெறக்கம் வந்துருச்சு. ஆபரேசன் பண்ணி, கனமாத் தூக்கக் கூடாது, டிராக்டர்ல குலுங்கக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிப்போட்டாரு. படுத்துட்டேன். நான் படுத்த மறுவாரமே நல்ல மழை. ஈரம் காயறதுக்குள்ள பார் போட்டாகோணும். வாடகை வண்டிக்குச் சொல்லியனுப்புனா, அவனுக்கு இருபது காட்டு வேலை முன்னால நிக்குது. நான் கட்டல்ல கெடந்து பொலம்பிக்கிட்டு இருக்கறேன், வெளிய என்ற டிராக்டரு கெளம்பற சத்தம் கேக்குது.

எந்திரிச்சுப் போய் ஜன்னல்ல பாத்தனுங்க. துளசி. சேலைய இழுத்துச் சொருகிக்கிட்டு, என்னோட பழைய சட்டைய மேல போட்டுக்கிட்டுச் சீட்டுல உக்காந்திருக்கறா. யாரு கத்துக் குடுத்ததுன்னு கேக்கறீங்களா? ஒருத்தருமில்ல. பின்னால நடந்து நடந்தே பழகியிருக்கறா. நான் பண்றதைப் பாத்துக்கிட்டே வந்திருக்கறா பாருங்க, அமுக்குணி. திருகற டாப் லிங்கா இருந்திருந்தா அவ ஒத்தையில ஓட்டியிருக்கவே முடியாது, எறங்கி எறங்கி ஏறோணும். லீவரு இருக்குதுல்ல, வசதியாப் போச்சு. என்ற வசதிக்கு வெச்சது.

பொழுதோட வந்து கலப்பையக் கழுவிக்கிட்டு இருந்தா. நான் மெல்ல நடந்து போய்க் காட்டைப் பாத்தேன். பார் ஒவ்வொண்ணும் கயிறு கட்டி இழுத்தாப்பல நேரா இருக்குது. ஒரு சுண்ணாம்புக் கல்லு மேல இல்ல. எனக்குச் சந்தோசமாத்தான் இருந்துச்சு. இல்லாம? எம் பொண்டாட்டிதான?

அப்பறம் பாருங்க கூத்தை. மொதல்ல பாவாயக்கா வந்தா. "துளசியக் கொஞ்சம் அனுப்பு செல்லமுத்து." சரின்னு அனுப்புனேன். அப்பறம் மேக்கால தோட்டத்துக்காரன் வந்தான். அவன் எங்கிட்டக் கேக்கல, நேரா அடுப்படி வாசல்ல போய் நின்னுக்கிட்டு, "அக்கா, எங்குளுதுக்கு எப்ப வர்றீங்க?"ங்கறான். நான் கட்டல்ல உக்காந்திருக்கறேன், என்னையத் தாண்டித்தான் போறான். இவ என்ன பண்ணியிருக்கோணும்? அவரைக் கேட்டுச் சொல்றேன்னு ஒரு வார்த்தை சொன்னாக் கொறைஞ்சா போயிருவா? "வியாழக்கெழமை வர்றேன்"ங்கறா.

சோறு போடறப்பப் பேச ஆரம்பிச்சுட்டாளுங்க. அதுக்கு முன்னால எங்கூட்டுல சோறு திங்கறப்ப ரேடியோச் சத்தம் மட்டுந்தான் கேக்கும். இப்ப, "மேக்காட்டு மண்ணு எளக்கமா இருக்குதுங்க, அங்க புடிக்காமயே ஓட்டலாம்"ங்கறா. "வளைவுல கொஞ்சம் உட்டுக்கிட்டா மூக்கு சிக்காதுங்க"ங்கறா. எனக்குச் சொல்லிக் குடுக்கறா! குருவிக்குப் பறக்கக் கத்துக் குடுத்த கதையா இருக்குதேன்னு நெனச்சுக்கிட்டுத் தின்னுட்டு எந்திரிச்சிருவேன். டிராக்டர்ல போறப்பப் பாட்டு வேற. எங்கிட்டத் தாலி கட்டிக்கிட்டு அத்தன வருசம் கூடவே இருந்தவளுக்குப் பாட வரும்னே எனக்குத் தெரியாது. கேட்டா வயிறு எரிஞ்சுதுங்க. ஏன்னு தெரியல, எரிஞ்சுது. ஆபரேசன் பண்ண எடந்தான் எரியுதாட்ட இருக்குதுன்னு டாக்டர்கிட்டக்கூடப் போனேன்.

ஒடம்பு தேறுனதும் நான் மறுபடியும் சீட்டுல ஏறிட்டேன். சாவிய ஆணியில மாட்டறதை நிறுத்திப்போட்டு இடுப்புல சொருகிக்கிட்டேன். துளசி, நீ பின்னால வான்னேன்.

"ஏனுங்க, லீவருதான் இருக்குதே, நான் எதுக்குங்க பின்னால?"ன்னா.

மிஷினை நம்பலாமா? ஒரு ஆளு பின்னால நின்னு பாத்துத்தான் ஆகோணும்னேன். கலப்பைய நீ பாத்துக்கோ, புடிக்கோணும்னா நீயே 'புடிங்க'ன்னு சொல்லு, உடோணும்னா 'உடுங்க'ன்னு சொல்லு, நீ சொல்றபடி நான் லீவரைப் போடறேன்னேன். பாருங்க, முன்னெல்லாம் நான் சொல்லுவேன், அவ செய்வா. இப்ப அந்த அதிகாரத்தையே அவ கையில குடுத்துட்டேன். எந்தப் புருசன் குடுப்பான்? வந்தா, ஆனா சொன்னதைச் செய்யமாட்டா. பின்னால வருவா, வாயத் தொறக்கமாட்டா. புடியும் இல்ல, உடுவும் இல்ல. திரும்பிப் பாத்தா எங்கயோ பாத்துக்கிட்டு நடந்து வருவா. பழையபடி ஊமையாயிட்டா.

ஆனா ஒண்ணுங்க, ஊட்டுக்குள்ள அவ வாயில எப்பவும் இருக்கற ஒரே வார்த்தை அந்த 'உடுங்க'தான். கொழம்புல உப்பில்லைன்னு நாலு வார்த்தை சொன்னா, 'உடுங்க'. அவ தம்பி சென்னியப்பனைப் பத்தி ஒரு பேச்சு எடுத்தா, 'அட, அந்தப் பேச்ச உடுங்க'. எங்க போயிட்டு வர்ற, யாருகூடப் பேசிக்கிட்டு இருந்தன்னு கையப் புடிச்சு நிறுத்திக் கேட்டா, 'கைய உடுங்க'. எடுத்ததுக்கெல்லாம் உடுங்க, உடுங்க. மனுசன் எதைன்னு உடறது? கேட்டுக் கேட்டு அந்த வார்த்தையே என்ற காதுல ஏறாமப் போச்சு.

டீ சாப்புடறீங்களா? அடுத்த ஸ்டாப்புல பஸ் கொஞ்ச நேரம் நிக்கும். வேண்டாமுங்களா? சரி.

அன்னைக்கு வைகாசி வெயிலு, எங்க காடுதான். வாழைக்கட்டை நடறதுக்குப் பார் போட்டுக்கிட்டு இருக்கறோம். காலையிலயே எனக்கு மனசு சரியில்ல. எதுக்குன்னா, பாவாயக்கா மவ வந்து, "செவ்வாய்க்கெழமை அக்கா எங்க காட்டுக்கு வர்றதாச் சொல்லியிருக்குது, வண்டி வருமுங்களா?"ன்னு எங்கிட்டக் கேட்டுட்டுப் போறா. யாரைக் கேட்டு வாக்குக் குடுத்தன்னு துளசியக் கேட்டேன். சீட்டுல இருந்து திரும்பித் திரும்பிக் கேட்டுக்கிட்டே ஓட்டறேன். பதிலில்ல. நாம கத்துவோம், எதிராளு பேசாம இருந்தா எப்படி இருக்குமுங்க? சொவத்துல முட்டிக்கலாம்னு இருக்கும்.

பாதிக் காட்டுல சொட்டுநீர் பைப்பு கலப்பையில சுத்திக்கிச்சு. வண்டிய நிறுத்தி, கலப்பையத் தூக்கிக் குடுத்தேன். துளசி குனிஞ்சு வாலுக்கு அடியில கைய உட்டுப் பைப்பை எடுத்துக்கிட்டு இருக்கறா. கீழ பாறையாட்டம் ஒரு கல்லு. இஞ்சினை நான் அணைக்கல. எதுக்கு அணைக்கறது, ஒரு நிமிசத்து வேலை.

அப்பவும் நான் கேட்டேன். "யாரைக் கேட்டுடீ வாக்குக் குடுத்த?" "உடுங்க"ன்னா. "என் வண்டி, என் சாவி. நீ யாரு வாக்குக் குடுக்கறதுக்கு?" "அட, உடுங்க"ன்னா, தலையத் தூக்காமயே. அவளுக்கு அந்தப் பைப்புதான் முக்கியம்.

அப்பத்தானுங்க தானா எறங்குச்சு. டப்புன்னு இல்ல, மெல்ல. டாப் லிங்க் நீண்டு, கலப்பை வாலு அப்படியே கீழ வந்து அவ கை மேல உக்காந்துருச்சு.

கத்துனாளுங்க. எம் பேரைச் சொல்லிக் கத்தல, ஆத்தாளைக் கூப்புடல. "உடுங்க, உடுங்க, உடுங்க"ன்னுதான் கத்துனா. நான் என்ன பண்றது? அவ சொல்லச் சொல்ல நான் உட்டுக்கிட்டே இருந்தேன்.

என்ன தம்பி அப்படிப் பாக்கறீங்க? எங்க பக்கத்துல 'உடு'ன்னா நீட்டறதுன்னு மொதல்லயே சொன்னனா இல்லையா? நீ சொல்றபடிதான் லீவரைப் போடுவேன்னு அவகிட்டயும் சொல்லியிருந்தேன். வாயத் தொறக்காதவ அன்னைக்குத் தொறந்தா. சொன்னபடி செஞ்சேன். எதைச் சொல்றோம்னு பாத்துச் சொல்லியிருக்கோணுமா இல்லையா? 'புடிங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வாலு மேல போயிருக்கும், கை பொழச்சிருக்கும்.

தானா எறங்குச்சுன்னு சொன்னீங்களேங்கறீங்களா? ஆமாங்க, தானாத்தான் எறங்குச்சு. மொதல்ல தானா எறங்குச்சு. அப்பறம் அவ சொல்லி எறங்குச்சு.

பாவாயக்கா வரப்புல இருந்து ஓடியாந்தா. என்னையத் தள்ளிப்போட்டு அவதான் லீவரை இழுத்தா. லீவரு எந்தப் பக்கம் இழுக்கறதுன்னே அந்த நேரத்துல எனக்குத் தோணலீங்க. பாருங்க, முட்டை மேல உக்கார வெக்கற கை. யானைக்கும் அடி சறுக்கும்னு சும்மாவா சொன்னாங்க? கலப்பை மேல வந்ததும் நான் மொதல்ல ஓசு அந்துபோச்சான்னுதான் பாத்தேன். அந்துபோகல.

ஆஸ்பத்திரியில டாக்டரு கேட்டாரு, எப்படிம்மா ஆச்சுன்னு. நான் வெளிய நிக்கறேன், கதவு தொறந்துதான் இருக்குது. "நானாத்தான் கைய உட்டேன்"னு சொன்னாளுங்க. என்னையப் பாத்துக்கிட்டே சொன்னா. இதை நல்லாக் கேட்டுக்கங்க தம்பி. யாராச்சும் உங்ககிட்ட வேற மாதிரி சொன்னா, அவளே அவ வாயால சொன்னதை நீங்க சொல்லோணும். அதுக்கு மேல சாட்சி என்னுங்க வேணும்?

அப்படிச் சொன்னவ ஊட்டுக்கு வரோணுமா இல்லையா? தம்பி ஊட்டுக்குப் போயிட்டா. சரி, ஆறட்டும்னு உட்டுட்டேன். ஒரு தடவ போனேன். மல்லியப்பூ, கருப்பட்டி மிட்டாயி எல்லாம் வாங்கிக்கிட்டுத்தான் போனேன். சென்னியப்பன் கேட்டையே தொறக்கல. "அக்காளுக்கு ஒடம்பு சரியில்லீங்க மச்சான், அப்பறம் வாங்க"ன்னான். குத்தம் பாத்தாச் சுத்தம் இல்லைன்னு திரும்பி வந்துட்டேன். ரெண்டாவது தடவ போனப்பச் சொல்றான், "அக்கா உங்க கொரலைக் கேட்டாலே உள்ள போய்த் தாப்பாப் போட்டுக்குதுங்க மச்சான், நீங்க வராம இருந்தா நல்லது"ங்கறான். என்ற கொரலு என்ன புலியா, சிறுத்தையா? அடிக்கற கைதான அணைக்கும்? நான் அடிக்கக்கூட இல்ல தம்பி. சத்தியமாச் சொல்றேன், என்ற கை அவ மேல பட்டதில்ல. லீவருதான் பட்டுச்சு.

நான் என்ன தின்னேன், எப்படி இருக்கறேன்னு ஒரு போன் இல்ல. ஊர்ல ஒருத்தனும் டிராக்டருக்குப் பின்னால வரமாட்டேங்கறான். கூலியாளு கூப்பிட்டா, "வேற வேலை இருக்குதுங்க"ன்னு நழுவறானுங்க. பாவாயக்கா ஊரெல்லாம் என்னமோ சொல்லி வெச்சிருக்கறா. சரி, மிஷின் மேலதான் கோளாறுன்னு ஊரறிய நிரூபிச்சுப்போடலாம்னு இதைக் கழட்டிச் சாக்குல போட்டுக்கிட்டு இன்னைக்குக் காலைல யூசுப் பாய்கிட்டப் போனேன். சீலு போயிருச்சு பாய், தானா எறங்குது, கேக்கறவங்ககிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லுன்னேன்.

அவன் என்ன பண்ணான் தெரியுமுங்களா? லேத்துல நாலு பேரு நிக்கறாங்க. அவங்க முன்னால இதை நிறுத்தி, கனத்தைத் தொங்க உட்டு, டீ குடிச்சுப்போட்டு வந்து பாக்கலாம்னான். குடிச்சுப்போட்டு வந்தோம். நூலளவுகூட எறங்கல. "சீலெல்லாம் புதுசாட்டம் இருக்குதுங்க. லீவரைத் தள்ளாம இது எறங்காது"ன்னான். சொல்லிப்போட்டு என்ற மொகத்தைப் பாக்காமச் சிலிண்டரைத் தொடைச்சான். வேலை தெரியாதவன். அன்னைக்கு வெயிலு எப்படி? ஆயிலு எப்படிச் சூடேறியிருக்கும்? லேத்து நெழல்ல வெச்சுப் பாத்தா எறங்குமா?

அதைக்கூட நான் பொறுத்துக்கிட்டேன். சாக்குல போட்டுக் கட்டிக்கிட்டு இருக்கறேன், அங்க வேலை செய்யற ஒருத்தன், விசயம் தெரியாதவன், பாய்கிட்டக் கேக்கறான். "ஏம் பாய், சென்னியப்பன் வண்டிக்கு இதே மாதிரிதான மாட்டிக் குடுத்தோம்? அது நல்லா வேலை செய்யுதாமா?"ன்னு. பாய் அவனைக் கண்ணைக் காட்டி அடக்கறான். நான் உடுவனா? எந்தச் சென்னியப்பன்னேன். ஆளாளுக்கு ஸ்பானரைத் தேடறானுங்க. நானே சொல்லட்டுமான்னேன். அப்பறந்தான் பாய் சொன்னான்.

போன மாசம் சென்னியப்பன் வந்து, அவனுளுது சின்ன டிராக்டருக்கு ஹைட்ராலிக் டாப் லிங்க் மாட்டிக்கிட்டுப் போயிருக்கறான். வலது பக்கம் லீவரு வேண்டாம், எடது கைப் பக்கம் வெச்சுக் குடுங்கன்னு கேட்டிருக்கறான். ஸ்டீரிங்குல ஒரு உருண்டை வெச்சு, முழங்கையில திருப்பறாப்பல பண்ணியிருக்கறாங்க. யாருக்குன்னு நான் கேக்கல. கேக்கோணுமா?

ஓட்டறாளாமுங்க. பக்கத்துக் காடுகளுக்கெல்லாம் போறாளாம். அங்கயும் அடுப்படி வாசல்ல வந்து நிக்கறாங்களாமா, "அக்கா, எங்குளுதுக்கு எப்ப வர்றீங்க?"ன்னு.

என்ற காடு உழுகாமக் கெடக்குது. எம் பொண்டாட்டி ஊரான் காட்டுல பார் போடறா. கேக்கறதுக்கு எப்படி இருக்குமுங்க? லேத்துல இருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து வந்தது எனக்கு ஞாபகமே இல்ல. ஒண்ணே ஒண்ணுதான் மனசுல ஓடிக்கிட்டே இருந்துச்சு. எடது கைன்னு ஒண்ணு இருக்கறதே எனக்குத் தோணாமப் போச்சு பாருங்க.

சரி, நொச்சிவலசு வரப்போகுது. பையை எடுத்துக்கங்க. நீங்களும் அங்கதான எறங்கறீங்க? கண்டக்டர்கிட்ட டிக்கெட்டுக் கேட்டப்பக் காதுல உழுந்துச்சு. உங்க பையில ஆஸ்பத்திரிப் பேரும் போட்டிருக்குது. அவளைச் சேர்த்த அதே ஆஸ்பத்திரி. அதுக்குத்தான், அத்தன சீட்டு காலியா இருந்தும் உங்க பக்கத்துல வந்து உக்காந்தேன்.

ஒரு சின்ன ஒத்தாசைங்க. பஸ் ஸ்டாப்புக்கு எதுக்காலயே சென்னியப்பன் ஊடு, பச்சைக் கேட்டு. இந்த நேரம் அவன் சொசைட்டிக்குப் பாலு ஊத்தப் போயிருவான். எங் கொரலு கேட்டா அவ வெளிய வரமாட்டா. நீங்க கேட்டுல நின்னு, ஆஸ்பத்திரியில இருந்து வந்திருக்கறேன், கையப் பாக்கோணும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். ஆஸ்பத்திரிக்காரங்கன்னா அவளுக்கு மரியாதை. வந்துருவா. நான் செவுத்தோரமா நின்னுக்கறேன்.

ஐயோ, நான் ஒண்ணும் பண்ணமாட்டனுங்க. கட்டுன பொண்டாட்டிய என்னுங்க பண்ணப் போறேன்? ரோட்டுல ரகளை பண்ற ஆளாட்டமா தெரியுது? வந்தாள்னா எடது கையப் புடிச்சுப் பதனமாக் கூட்டிக்கிட்டுப் போவேன்.

எந்திரிங்க தம்பி. பஸ் நின்னாச்சு.